உரைத்துப் பார்க்கும் செலவு: அமெரிக்கச் சிறுதொழில் ஆராய்ச்சி நிதியின் வரலாறு

சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டு, பழைய வணிகக் குழுக்கள், அளவை முறைகள் இப்படித்தான் இருக்கும். இந்த வருஷம் பொருள் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அதற்குக் காரணம் என் கடைதான். இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிறவன் நான். தண்ணீர் ஊற்றுகிற பழைய பேட்டரியைக் காட்டினால், "லித்தியம் இருக்கா?" என்று கேட்கிற காலம் வந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் செல் பெரும்பாலும் சீனத் தயாரிப்பு. ஆனால் அதன் ரசாயனம் பிறந்தது அமெரிக்காவின் டெக்சாஸில். பிறந்த வீடு ஓரிடம், வாழ்கிற வீடு வேறிடம் என்று எப்படி ஆயிற்று? இதைத் தேடிப் படிக்கப் போனபோதுதான், அமெரிக்க அரசு சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் ஒரு திட்டத்தின் கதை முழுசாக என் கைக்குக் கிடைத்தது.

படித்தவர்கள் இதைக் கொள்கை ஆய்வு என்று பார்ப்பார்கள். பேரேடு எழுதிப் பழகிய எனக்கு வந்த கேள்வி வேறு. வியாபாரியின் கையை விட்டுப் போகும் பணம் ஒன்று கடன், அல்லது பங்கு, அல்லது தானம். கடன் என்றால் வட்டியோடு திரும்ப வேண்டும். பங்கு என்றால் லாபத்தில் பாத்தியதை உண்டு. தானம் என்றால் கணக்கு அன்றோடு முடிந்தது. அமெரிக்க அரசு கொடுத்த இந்தப் பணம் மூன்றிலும் அடங்கவில்லை. அப்படியென்றால் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? இந்தக் கட்டுரை அதற்கு விடை தேடும் முயற்சி.

எண்ணெய் நெருக்கடியில் பிறந்த எண்ணம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை, அடுத்த சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1977இல் எரிசக்திக்கென்றே தனி அமைச்சுத் துறை உருவாயிற்று. 1979 ஜூனில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரை மீது சூரிய வெப்பத்தால் தண்ணீர் சுடவைக்கும் 32 தகடுகளைப் பொருத்திக் காட்டினார்.

ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் ஏராளமாக இறங்கியது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் தேசிய ஆய்வுக்கூடங்கள், பல்கலைக்கழகங்கள், பெரிய கம்பெனிகள். பத்துப் பேர், இருபது பேர் வைத்து நடத்தும் சிறிய ஆய்வுத் தொழிலுக்கு மிகச் சிறிய பங்குதான் கிடைத்தது. புதுப்பொருள் பல இந்தச் சிறிய பட்டறைகளில் பிறக்கின்றன, அரசுப் பணம் மட்டும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று சிறுதொழில்காரர்கள் முறையிட்டார்கள். செனட்டர் எட்வர்ட் கென்னடி அவர்கள் பக்கம் நின்றார்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்தில் அப்போது ரோலண்ட் டிபெட்ஸ் என்றொரு அதிகாரி இருந்தார். சிறுதொழிலுக்கான ஆராய்ச்சி நிதியை மூன்று படிகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தவர் அவர்தான். 1977இல் அந்த நிறுவனத்துக்குள் மட்டும் சோதனையாக அது தொடங்கியது. 1980 ஜனவரியில் வெள்ளை மாளிகை கூட்டிய சிறுதொழில் மாநாடு, எல்லாத் துறைகளுக்கும் இம்முறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே 1980 டிசம்பரில் பேய்–டோல் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் செய்த கண்டுபிடிப்பானாலும், காப்புரிமையைச் சிறுதொழிலும் பல்கலைக்கழகமும் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். அரசு தன் உபயோகத்துக்கு மட்டும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தும் உரிமையை நிறுத்திக்கொண்டது.

1982 ஜூலை 22 அன்று அதிபர் ரீகன் சிறுதொழில் புத்தாக்க மேம்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் இதை முன்னின்று நடத்தியவர் வாரன் ரட்மன். இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? பல்கலைக்கழகங்கள்! தங்கள் பங்கு குறைந்துவிடும் என்ற கவலை. பந்தியில் புது இலை போட்டால், முன்பே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மனசு கொஞ்சம் சங்கடப்படுவது எல்லா ஊரிலும் உள்ளதுதானே.

சட்டம் சொன்னது இதுதான். வெளியாரைக் கொண்டு செய்விக்கும் ஆராய்ச்சிக்கு வருஷம் 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு துறையும், அதில் ஒரு சிறு பங்கைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கியே தீர வேண்டும். 0.2 சதவீதத்தில் ஆரம்பித்து 1.25 சதவீதம் வரை படிப்படியாக உயர்த்தச் சொன்னார்கள். 1992 சட்டம் அதை 2.5 சதவீதமாக்க வழி செய்தது. பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கென்று ஒரு துணைத் திட்டத்தையும் சேர்த்தது. 2011 சட்டத்தின்படி 2017ஆம் நிதியாண்டில் பங்கு 3.2 சதவீதத்தை எட்டியது. எஸ்.பி.ஐ.ஆர். என்ற எழுத்துகளால் அறியப்படும் திட்டம் இதுவே.

மூன்று படி

டிபெட்ஸ் வகுத்த மூன்று படியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் படியில் கொஞ்சம் பணம், கொஞ்ச காலம். ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருஷம். "நீ சொல்வது நடக்கிற காரியமா?" என்று பார்ப்பதற்கு மட்டும். 1992 சட்டத்தில் இதற்கு வரம்பு 1 லட்சம் டாலர், 2011 சட்டத்தில் ஒன்றரை லட்சம். முதல் படி தேறியவர்கள் இரண்டாம் படிக்கு மனுப் போடலாம். இரண்டு வருஷம், வரம்பு 1992இல் ஏழரை லட்சம் டாலர், 2011இல் 10 லட்சம். முன்மாதிரியை உருவாக்கி ஓட்டிக் காட்டுவது இந்தப் படியில். மூன்றாம் படி விற்பனை. அதற்கு இந்தத் திட்டத்தில் காசு கிடையாது. தனியார் முதலோ, வாங்குகிறவரின் ஆர்டரோதான் அங்கே கைகொடுக்க வேண்டும்.

நிபந்தனைகளும் உண்டு. கம்பெனியில் 500 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. லாப நோக்கில் நடக்கும் தொழிலாக இருக்க வேண்டும். முதல் படி வேலையில் மூன்றில் இரண்டு பங்கையாவது கம்பெனி தானே செய்ய வேண்டும், வேறொருவருக்குக் கைமாற்றிவிடக் கூடாது. எரிசக்தித் துறை தனக்கு வேண்டிய தலைப்புகளை அறிவிக்கும். மனுக்களை நிபுணர்கள் படித்து மதிப்பிடுவார்கள். பணம் பெற்றவர் திருப்பித் தர வேண்டியதில்லை. அரசு பங்கும் கேட்பதில்லை. நியாயமான ஒரு லாபத்தைச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவும் இடமுண்டு. முதல் தடவை இதைப் படித்தபோது, இது என்ன கொடை வள்ளல் கணக்காக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது.

ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. இந்தத் திட்டத்தில் ராணுவத் துறையும் பணம் தருகிறது, எரிசக்தித் துறையும் தருகிறது. இரண்டும் ஒன்றல்ல. ராணுவம் ஒரு சின்னக் கம்பெனிக்குப் பணம் கொடுத்துப் புதுக் கருவி செய்யச் சொன்னால், கருவி நன்றாக வந்ததும் ராணுவமே வாங்கிக்கொள்ளும். விண்வெளித் துறையும் அப்படித்தான். மூன்றாம் படியின் வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். எரிசக்தித் துறை கார் ஓட்டுவதில்லை, வீட்டுக்கு மின்சாரம் விற்பதில்லை. பேட்டரியை வாங்க வேண்டியவர் கார் கம்பெனிக்காரர், மின்வாரியக்காரர், கடைசியில் என் கடைக்கு வருவது போன்ற வாடிக்கையாளர். முதல் இரண்டு படியைக் கட்டிக் கொடுத்தவர் கையில் மூன்றாவது படி இல்லை. ஆற்றல் தொழில்நுட்பத்தில் இந்தத் திட்டத்தின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன.

கணக்குப் பார்த்தவர்

பணம் கொடுத்தார்கள் சரி, பயன் உண்டா? கொடுத்தவர்கள் "உண்டு" என்பார்கள், வாங்கியவர்களும் "உண்டு" என்பார்கள். இரண்டு பேர் சாட்சியும் செல்லாது. சப்ரீனா ஹோவல் என்ற பொருளியலாளர் இதை வேறு விதமாகச் சோதித்தார். எரிசக்தித் துறையில் 1983 முதல் 2013 வரை மனுப் போட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கம்பெனிகளின் தரவரிசைப் பட்டியலை எடுத்துக்கொண்டார். கோட்டுக்குச் சற்று மேலே நின்று பணம் பெற்றவர்களையும், சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். தகுதியில் இந்த இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு ஏற்பட்ட வித்தியாசம் பணத்தால் வந்ததாகத்தான் இருக்க முடியும். பரீட்சையில் ஒரு மார்க்கில் தேறியவனையும் ஒரு மார்க்கில் போனவனையும் பத்து வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்ப்பது போல.

2017இல் வெளியான அவருடைய ஆய்வின் முடிவு இது. முதல் படியின் சிறிய பணம் கிடைத்த கம்பெனிக்குப் பிற்பாடு தனியார் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமானது. காப்புரிமைகளும் விற்பனை வருமானமும் கூடின. இரண்டாம் படியின் பெரிய பணத்துக்கோ இந்தப் பலன் தென்படவில்லை. ஒன்றரை லட்சம் செய்த வேலையைப் பத்து லட்சம் செய்யவில்லை! முதல் படியில் ஜெயித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இரண்டாம் படிக்கு மனுவே போடவில்லை. அவர்களில் நல்ல சரக்கு வைத்திருந்தவர்களுக்கு அதற்குள் தனியார் பணம் வந்துவிட்டது. அரசின் தாள் வேலைக்குக் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை.

சிறிய பணம் ஏன் பலித்தது? அரசு கொடுத்த முத்திரையைப் பார்த்து முதலீட்டாளர்கள் வந்தார்களா? அப்படியில்லை என்கிறார் ஹோவல். முத்திரைக்கு மதிப்பில்லை. பணத்தைக் கொண்டு முன்மாதிரி செய்து பார்த்தார்கள், சரக்கு நிற்குமா நிற்காதா என்ற சந்தேகம் தெளிந்தது, அதனால்தான் பணக்காரர்கள் வந்தார்கள்.

இங்கேதான் என் பேரேட்டுக் கேள்விக்கு விடை கிடைத்தது. நகைக் கடையில் பொன்னை உரைகல்லில் உரசுகிறார்கள். உரசும்போது இம்மியளவு பொன் கல்லில் ஒட்டிக்கொண்டு போகும். அதை எவரும் நட்டம் என்று எழுதுவதில்லை. கொண்டுவந்தது பொன்தானா என்று தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை அது. பித்தளை என்று தெரிந்தாலும் உரசிய செலவு வீண் இல்லை. பவுன் விலை கொடுத்து வாங்குவதிலிருந்து தப்பித்தோமே! எஸ்.பி.ஐ.ஆர். முதல் படி இந்த உரைத்துப் பார்க்கும் செலவு. எங்கள் சமண வழக்கில் தானம் நான்கு என்பார்கள்: ஆகார தானம், ஔடத தானம், அபய தானம், சாத்திர தானம். கொடுத்த பிறகும் குறையாமல் அறிவாக நிற்பது சாத்திர தானம். தலைப்புப் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்தத் தலைப்புக்குக் கீழேதான் நான் இதை எழுதுவேன்.

மானியத்தில் குடியிருந்தவர்கள்

எந்தத் திட்டமும் அதில் குடியேறிவிடுகிற ஒரு கூட்டத்தை உருவாக்கும். விருதுக்கு மேல் விருதாக வாங்கி, பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல், மனு எழுதுவதையே தொழிலாக வைத்துக்கொண்ட கம்பெனிகளை அமெரிக்காவில் "எஸ்.பி.ஐ.ஆர். ஆலை" என்றே கேலியாகச் சொல்வார்கள். ஒரே கம்பெனி திரும்பத் திரும்ப வாங்க வாங்க, பணத்தின் பலன் தேய்ந்துகொண்டே போகிறது என்பதையும் ஹோவலின் ஆய்வு காட்டியது. ஒரே பொன்னை நூறு முறை உரைத்தால் கடைசியில் கல்தான் மிஞ்சும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படிப் பல விருது வாங்கும் கம்பெனிகளில் சில, ராணுவத்துக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வேண்டிய அபூர்வக் கருவிகளைச் செய்து கொடுப்பவை. அவற்றுக்குச் சந்தையே ஒன்றிரண்டு வாடிக்கையாளர்தான். அவர்களுக்கு வரம்பு கட்டுவதா கூடாதா என்பதில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 2025 செப்டம்பர் 30உடன் சட்டத்தின் காலம் முடிந்தபோது, உரிய நாளில் புதுப்பிக்க முடியாமல் போனதற்கு இந்தத் தகராறும் ஒரு காரணம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய திட்டம் அன்று நின்றது. புது விருதுகள் தடைப்பட்டன. சட்டத்தால் வந்த பங்குக்கும் காலக்கெடு உண்டு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பேட்டரியின் கதை

இனி என் கடைச் சரக்குக்கு வருகிறேன். லித்தியம் பேட்டரியில் கோபால்ட் என்ற விலை உயர்ந்த உலோகம் சேர்ப்பது பழைய வழி. அதற்குப் பதிலாக மலிவான இரும்பைச் சேர்க்க முடியுமா என்ற தேடலில் ஒரு தமிழருக்கு முக்கியமான பங்கு உண்டு. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த அருமுகம் மந்திரம்தான் அவர். 1980களில் ஜான் குட்இனஃப் என்ற பேராசிரியரோடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சல்பேட் போன்ற கூட்டயனிகள் கொண்ட இரும்புச் சேர்மங்களைப் பேட்டரிக்குப் பயன்படுத்த வழி காட்டினார். அந்த வழியில் போய் 1997இல் குட்இனஃபும், நம் நாட்டிலிருந்து சென்ற பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகியோரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தார்கள். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையாற்றியவர் மந்திரம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மலிவு, எளிதில் தீப்பிடிக்காது, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் யெட்-மிங் சியாங். 2001இல் அவரும் கூட்டாளிகளும் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஆரம்ப நாட்களில் அவர்களுக்கு எரிசக்தித் துறையின் சிறுதொழில் நிதியிலிருந்து 1 லட்சம் டாலர் வந்தது. உரைத்துப் பார்த்தார்கள், பொன்தான் என்று தெரிந்தது. தனியார் முதல் திரண்டது. முதலில் அவர்கள் பிடித்த சந்தை கார் அல்ல. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியின் கம்பியில்லாத் துளைபோடும் கருவி, ரம்பம் இவைதான். தச்சர்களும் கட்டடக்காரர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள். சின்னச் சந்தை, ஆனால் உண்மையான சந்தை.

பிறகு காற்று திசை மாறியது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் அரசு ஊக்க நிதியைத் திறந்துவிட்டது. 2009 ஆகஸ்டில் ஏ123 கம்பெனிக்கு மிச்சிகன் மாநிலத்தில் ஆலை கட்ட 24.9 கோடி டாலர் மானியம் அறிவித்தார்கள். அடுத்த மாதமே கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 2010 செப்டம்பரில் லிவோனியா ஊரில் ஆலை திறந்தாயிற்று. ஆலை வந்தது, வாங்குகிறவர் எங்கே? 2011இல் அமெரிக்கா முழுவதிலும் விற்ற, மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் கார்கள் 20 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. முக்கிய வாடிக்கையாளரான ஃபிஸ்கர் கார் கம்பெனியே தள்ளாடியது. 2012 மார்ச்சில் லிவோனியாவில் செய்த செல்களில் குறை கண்டு, மாற்றிக் கொடுக்க ஐந்து கோடி டாலருக்கு மேல் செலவு என்று அறிவிக்க வேண்டி வந்தது. 2012 அக்டோபர் 16 அன்று கம்பெனி திவால் மனுத் தாக்கல் செய்தது. மானியத்தில் அதுவரை சுமார் 13 கோடி டாலர் எடுத்திருந்தார்கள். ஏலத்தில் சீனாவின் வான்சியாங் கம்பெனி சுமார் 25.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2013 ஜனவரியில் அரசு அனுமதி கிடைத்தது. ராணுவ ஒப்பந்தப் பகுதி மட்டும் தனியாக ஒரு அமெரிக்கக் கம்பெனிக்குப் போயிற்று.

சீனாவின் இரும்பு பாஸ்பேட் தொழில் இந்த ஒரு ஏலத்தால் வளர்ந்தது என்று சொன்னால் அது சரியாகாது. அங்கே வாங்குகிறவரை அரசே உண்டாக்கியது. 2009இல் "பத்து நகரம், ஆயிரம் வாகனம்" என்ற திட்டத்தால் நகரப் பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2017இல் ஷென்சென் நகரம் 16,000க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரப் பேருந்தாக்கிவிட்டது. பேருந்துக்கு எடை ஒரு பொருட்டல்ல. விலையும் பாதுகாப்பும்தான் முக்கியம். அதற்கு இரும்பு பாஸ்பேட் கனகச்சிதம். ஆலைகள் ஓயாமல் ஓடின, ஓட ஓட விலை இறங்கியது. 2024இல் உலக மின்வாகனப் பேட்டரிச் சந்தையில் ஏறத்தாழப் பாதி இந்த ரசாயனம். டெக்சாஸில் பிறந்த குழந்தை ஷென்சென் பேருந்தில் ஏறி வளர்ந்தது.

ஆகவே, ஏ123 கம்பெனிக்குக் கொடுத்த 1 லட்சம் டாலர் வீண் போகவில்லை. அது உரைகல் செலவு, அதன் வேலையைச் செய்து முடித்தது. பிந்தைய 13 கோடிதான் கேள்விக்குரியது. ஆர்டர் இல்லாமல் குடோன் கட்டிய செலவு அது. பெரிய பணமே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2010இல் டெஸ்லாவுக்கு எரிசக்தித் துறை கொடுத்த 46.5 கோடி டாலர் கடன், 2013 மே மாதம் தவணைக்கு முன்னாலேயே திரும்பி வந்தது. அவர்கள் காருக்கு முன்பணம் கட்டி வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள்.

நிதானமாக வளர்ந்த உதாரணமும் ஒன்று உண்டு. 1996இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய புரோட்டான் என்ற கம்பெனி, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளைச் செய்தது. எரிசக்தித் துறையின் சிறுதொழில் நிதியைப் பல முறை பெற்றது. ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று காத்திருக்காமல், ஆய்வுக்கூடங்களுக்கும், ஜெனரேட்டரைக் குளிர்விக்க ஹைட்ரஜன் தேவைப்படும் மின்நிலையங்களுக்கும் விற்றுப் பிழைத்தது. 2017இல் நார்வேயின் நெல் கம்பெனி அதை 7 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் கடை மூடவில்லை, கைத்திறனும் கலையவில்லை.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இதன் சாயல் வந்தது. மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2005இல் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்று கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. அது மருந்து, விதை போன்ற துறைக்கானது. 2016 முதல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பிரயாஸ் திட்டத்தில் முன்மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டாயிற்று. 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, கருத்தைச் சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை மானியம் என்றது. 2022-23 நிதிநிலை அறிக்கை பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 சதவீதத்தைத் தொழில்துறைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதிக்கு ஒப்புதல் தந்தது. அது பெரும்பாலும் குறைந்த வட்டி அல்லது வட்டியில்லா நெடுங்காலக் கடன். ஆய்வுக்கூடத்தில் ஓரளவு தேறி வந்த தொழில்நுட்பத்துக்குத்தான் அது. அதாவது, உரைத்துப் பார்த்து முடித்த பொன்னுக்கு.

வாங்குகிறவரை உண்டாக்குவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதில் 2016-17க்குள் அது 40 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. இந்த விலைச் சரிவைக் கடையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் நான். அரசுத் துறைகளின் கொள்முதலில் 25 சதவீதம் சிறுதொழிலிடமிருந்து என்ற விதியும் 2018 முதல் உண்டு. மூன்றாம் படி நமக்குத் தெரிந்த படி. ஆனால் எல்லாத் துறையின் ஆராய்ச்சிச் செலவிலும் இத்தனை சதவீதம் சிறுதொழிலுக்கு என்று அமெரிக்காவைப் போல் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. முதல் படி திட்டத்துக்குத் திட்டம், அறிவிப்புக்கு அறிவிப்பு என்று நிற்கிறது. அமெரிக்கர்களுக்கு முதல் படி வாய்த்து மூன்றாவது தவறியது. நமக்கு மூன்றாவது கைவந்து முதலாவது மெலிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே சரடில் கோத்த நாட்டுக்குப் பேட்டரித் தொழில் போய்ச் சேர்ந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இன்றைக்கு இஞ்சினியர் இல்லாத வீடு குறைவு. அந்தப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டு, பேட்டரி, சோலார், ஹைட்ரஜன் என்று ஏதோ செய்து பார்க்கப் போகிறேன், அரசு மானியத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்று வந்து நிற்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் முதலில் கேட்பது, "போட்ட பணம் திரும்பி வருமா?" நியாயமான கேள்விதான், ஆனால் முதல் வருஷத்துக்குப் பொருந்தாத கேள்வி. அந்த வருஷம் கேட்க வேண்டியது இரண்டு. இந்தப் பணத்தைச் செலவழித்து எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய்? சரக்கு தேறினால் முதல் பத்துப் பேர் வாங்குகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிற பிள்ளை, சோதனையில் பித்தளை என்று கண்டு திரும்பி வந்தாலும் நட்டப்பட்டு வந்ததாகக் கணக்கு எழுத வேண்டாம். பதில் இல்லாத பிள்ளைக்கு எத்தனை கோடி மானியம் கிடைத்தாலும், நிதானமாக உட்கார வைத்து ஏ123 கதையைச் சொல்லுங்கள்.